எறிந்தபின் எஞ்சும் வெறுங்கை: ஈட்டி எறிதலின் வரலாறும் கதைகளும்

வடமொழித் தனுர்வேத மரபினர் படைக்கலங்களைக் கையிலிருந்து விடப்படுவன, கையில் பிடித்தபடியே ஆளப்படுவன, இரண்டுக்கும் பொதுவானவை என்று வகை பிரித்தனர். ஈட்டியோ ஆளப்படும் விதத்துக்கேற்ப வகை மாறுகிறது. குத்துவதற்கு ஈட்டி ஏந்தியவன் பத்துப் பேரைச் சாய்த்தாலும் அது அவன் கையிலேயே இருக்கிறது. எறிந்தவனோ தனக்கும் எதிரிக்கும் இடைப்பட்ட தொலைவை வென்ற மறுகணமே ஆயுதம் இல்லாதவனாகிவிடுகிறான். அம்பு எய்தவனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. வில் அவனிடம் இருக்கிறது, தூணியில் அடுத்த அம்பும் இருக்கிறது. குறி தவறிய ஈட்டியோ எதிரியின் காலடியில் விழுந்து, அவனுக்குக் கிடைத்த கூடுதல் படைக்கலமாகவும் ஆகிவிடக்கூடும். ஈட்டி எறிதலைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம் என்ற அளவுகளையே பேசுகின்றன. எறிந்தவனின் கை என்ன ஆனது என்ற கேள்வியை முன்வைத்துப் பார்த்தால், படைத்துறை வரலாற்றில் தனித்தனியாகக் கிடக்கும் பல செய்திகளும், ஹோமர் முதல் கந்தபுராணம் வரையிலான பல கதைகளும் ஒரே சிக்கலுக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு விடைகளாகத் தெரியவரும்.

தொன்மையான சான்றுகள் மரத்தாலானவை என்பதால் அரிதாகவே எஞ்சியுள்ளன. இங்கிலாந்தின் கிளாக்டன் என்னும் கடற்கரை ஊரில் 1911இல் கிடைத்த யூ மரத்துண்டு, ஏறத்தாழ 4 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஈட்டியின் முனை எனக் கருதப்படுகிறது. ஆனால் முனை மட்டுமே கிடைத்திருப்பதால் அது எறியப்பட்டதா, குத்தப்பட்டதா என்று சொல்வதற்கில்லை. ஜெர்மனியின் ஷோனிங்கன் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 1990களில் ஹார்ட்முட் தீமே என்ற தொல்லியலாளரின் தலைமையில் நடந்த அகழாய்வு இந்தக் குறையைத் தீர்த்தது. குதிரை எலும்புகளுக்கு நடுவே கிடைத்த அந்த ஈட்டிகளில் பல 2 மீட்டருக்கும் மேல் நீளமுள்ளவை. ஒன்றைத் தவிர மற்றவை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனவை. மரத்தின் அடிப்பகுதி கெட்டியாக இருக்கும் என்பதால் அந்தப் பக்கத்தையே முனையாகச் சீவியிருக்கிறார்கள். தண்டின் நட்டநடுவில் ஓடும் மென்மையான சோற்றுப்பகுதி கூர்முனையில் வந்துவிடாதபடி முனையைச் சற்றே ஒதுக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். எடை முன்பக்கம் கூடியிருப்பதால், பறக்கும்போது முனை முந்தும் இயல்பு இவற்றுக்கு உண்டு. இவற்றின் வயது 3 லட்சம் ஆண்டுகள் என நீண்டகாலம் சொல்லப்பட்டு வந்தது. 2025இல் வெளியான மறுகணிப்பு அதனை 2 லட்சம் ஆண்டுகளாகக் குறைத்திருக்கிறது. எதுவாயினும் இவை இன்றைய மனித இனம் ஐரோப்பாவில் நிலைகொள்வதற்கு வெகுகாலம் முந்தியவை.

இத்தகைய மர ஈட்டிகளை வேட்டைக்காரர்கள் விலங்கை நெருங்கிக் குத்தவே பயன்படுத்தியிருப்பார்கள், எறிந்தாலும் 10 மீட்டருக்கு மேல் பயன் இருந்திராது என்ற கருத்து அறிஞரிடையே வெகுநாள் நிலவியது. 2019இல் அன்னமீக்கே மில்க்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஷோனிங்கன் ஈட்டி ஒன்றைப் போலவே 800 கிராம் அளவில் நகல்கள் செய்து, பயிற்சி பெற்ற ஈட்டி எறி வீரர்கள் 6 பேரிடம் கொடுத்து வைக்கோல் கட்டுகளை நோக்கி எறியச் சொன்னார்கள். 20 மீட்டர் தொலைவிலும் ஈட்டிகள் இலக்கில் பட்டன. விலங்கைக் கொல்லப் போதிய விசையும் அவற்றில் இருந்தது. பழைய மதிப்பீடு தவறானதற்குக் காரணம் எளியது. அதற்கு அடிப்படையான சோதனைகளில் எறிந்தவர்கள் எறியப் பழகாதவர்கள்.

எறியும் உடல் என்பதே தனியோர் ஆய்வுப் பொருள். சிம்பன்சி மனிதனைவிட வலிமை மிக்கது. ஆயினும் அது எறியும் வேகம் பந்து வீசப் பழகிய 12 வயதுச் சிறுவனின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. நீல் ரோச் முதலானோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விளக்கம் தந்தது. கையைப் பின்னுக்கு வாங்கும்போது தோள்மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களும் இணைப்பு நார்களும் நாணேற்றிய வில்லைப் போல இழுபட்டு ஆற்றலைச் சேமிக்கின்றன. கை முன்னோக்கி வரும்போது அந்த ஆற்றல் ஒரே நொடிப்பில் வெளிப்படுகிறது. சுழலக்கூடிய நீண்ட இடுப்பு, தாழ்ந்த தோள், முறுக்கம் குறைந்த மேற்கை எலும்பு ஆகிய மூன்றும் ஒருசேர அமைந்தது ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஹோமோ எரக்டஸ் காலத்தில் என்பது அவர்கள் முடிவு. அக்காலத்தில் எறியப்பட்டவை கல்லும் கழியுமாகவே இருந்திருக்கக்கூடும்.

தோளின் ஆற்றலுக்கு எல்லை உண்டு என்பதால், கையையே நீட்டும் கருவிகள் பின்னர் தோன்றின. எறிகோல் எனத்தக்க கருவி முழங்கையளவோ சற்றுக் கூடுதலாகவோ நீளமுள்ள ஒரு கட்டை. அதன் கடைசியில் உள்ள கொக்கியில் ஈட்டியின் அடிப்பகுதியைப் பொருத்தி வீசினால், கட்டையின் நீளமும் கையின் நீளத்தோடு சேர்ந்து ஈட்டிக்கு வேகம் தருகிறது. பிரான்சில் கோம்ப் சோனியேர் என்னுமிடத்தில் கிடைத்த மான்கொம்புக் கொக்கி ஏறத்தாழ 17,500 ஆண்டுகளுக்கு முந்தையது. மாஸ் தாசில் குகையில் கிடைத்த எறிகோலின் நுனியில் ஒரு மான்கன்று தலையைத் திருப்பித் தன் பின்புறத்தைப் பார்க்கிறது. அங்கே வெளிவந்துகொண்டிருக்கும் சாணத்தின்மேல் பறவை உட்கார்ந்திருக்கிறது. பறவையின் பக்கமாக நீளும் பகுதியே கொக்கி. வேட்டைக்கருவியை வேண்டுதல் பொருளாக மட்டும் விளக்கும் அறிஞர்கள் இந்த நகைச்சுவைக்கு முன் சற்றுத் தடுமாறவே செய்கிறார்கள்.

வில் வந்ததும் பெரும்பாலான இடங்களில் எறிகோல் மறைந்தது. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் வில்லையும் அறிந்திருந்தபோதிலும் அட்லாட்ல் என்ற எறிகோலைப் போர்வீரர்க்கும் தெய்வங்களுக்கும் உரிய சின்னமாகப் போற்றினார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் வில்லை ஏற்காமல் எறிகோலையே வளர்த்தெடுத்தார்கள். சிட்னிப் பகுதியின் தாருக் மொழியில் வூமெரா எனப்பட்ட அது, மேற்குப் பாலைநிலத்தில் அகன்ற தட்டாகவும், அடியில் பிசின் வைத்து ஒட்டிய கற்சில்லால் மரம் சீவும் உளியாகவும் பயன்பட்டது. எறிந்தபின் கையில் எஞ்சுவது வெறுமையன்று, ஒரு வேலைக்கருவி என்ற ஏற்பாடு இதில் தானாகவே அமைந்திருக்கிறது. தென் ஆஸ்திரேலியாவில் 1947இல் நிறுவப்பட்ட ஏவுகணைச் சோதனைத் தளத்துக்கும் அதையொட்டி எழுந்த ஊருக்கும் இப்பெயரே சூட்டப்பட்டது.

ஈட்டியின் வேகத்தைக் கூட்டக் கிரேக்கர்கள் வேறொரு வழி கண்டார்கள். ஈட்டியின் நடுப்பகுதியை ஒட்டித் தோல்வாரைச் சுற்றி, அதன் கண்ணியில் ஒன்றிரண்டு விரல்களை நுழைத்து எறிவார்கள். வார் அவிழும்போது ஈட்டி தன்னச்சில் சுழன்று நேராகப் பறக்கும். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பிரான்சில் நடந்த சோதனையில், வெறுங்கையால் 20 மீட்டர் மட்டுமே எறிய முடிந்தவர்கள், தோல்வாரைக் கையாளப் பழகிய பின்பு 80 மீட்டர் வரை எறிந்தார்கள்.

ஹோமரின் இலியட் காவியத்தில் வீரர்கள் பெரும்பாலும் முதலில் ஈட்டியை எறிந்துவிட்டுப் பிறகுதான் வாளைக் கையில் எடுக்கிறார்கள். பலர் இரண்டு ஈட்டிகளோடு களத்துக்கு வருகிறார்கள். அக்காவியத்தின் உச்சக்கட்டமே ஈட்டி எறிந்தவனின் வெறுங்கையின்மேல்தான் நிற்கிறது. 22ஆம் காண்டத்தில் கிரேக்க வீரன் அக்கிலீஸ் முதலில் எறிகிறான். அவனை எதிர்த்து நிற்கும் ட்ராய் வீரன் ஹெக்டர் குனிந்து தப்புகிறான். ஈட்டி அவனைத் தாண்டித் தரையில் ஊன்றுகிறது. ஹெக்டர் அறியாதபடி ஏதெனா தெய்வம் அதைப் பிடுங்கி அக்கிலீசிடம் மீண்டும் கொடுத்துவிடுகிறாள். அடுத்து ஹெக்டர் எறிகிறான். ஈட்டி கேடயத்தின் நடுவில் பட்டுத் தெறித்து வீழ்கிறது. தன் பக்கத்தில் நிற்பதாக நம்பிய தம்பி தெய்ஃபோபசைக் கூப்பிட்டு இன்னோர் ஈட்டி கேட்கிறான். அங்கே எவரும் இல்லை. தம்பியின் உருவில் வந்து ஏமாற்றியவள் ஏதெனா என்பதை உணரும் கணத்திலேயே தன் சாவையும் அவன் உணர்ந்துகொள்கிறான். வலிமையில் இருவருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைக் கவிஞர் முன்பே சொல்லியிருந்தாலும், முடிவைத் தீர்மானிப்பது எறிந்த ஈட்டி யாருக்குத் திரும்பக் கிடைத்தது என்ற ஒன்றே. தெய்வம் ஒருதலைப்பட்சமாக நடந்துகொண்டது என்ற குற்றச்சாட்டைப் பழங்காலத்திலிருந்தே வாசகர் எழுப்பிவருகிறார்கள். ஆனால் எறிபடையின் இலக்கணத்தை இவ்வளவு நுட்பமாகக் கதையாக்கிய இடம் உலக இலக்கியத்தில் வேறு இல்லை எனலாம்.

ஹோமருக்குப் பிந்திய கிரேக்கப் போர்முறை கனத்த கேடயமும் குத்தீட்டியும் ஏந்திய அணிவகுப்பையே பெருமைக்குரியதாகக் கொண்டது. எறிந்துவிட்டு ஓடுகிறவன் இழிவாகக் கருதப்பட்டான். இந்தப் பெருமிதத்துக்கு விழுந்த அடி கி.மு. 390 வாக்கில் கொரிந்து நகரின் துறைமுகமான லெக்கையோனுக்கு அருகில் நிகழ்ந்தது. பெல்டாஸ்ட் எனப்படும், இலேசான கேடயமும் எறியீட்டிகளும் மட்டுமே கொண்ட வீரர்களை இஃபிக்ரட்டீஸ் என்ற ஏதென்ஸ் தளபதி நடத்திச் சென்று, ஏறத்தாழ 600 பேர் கொண்ட ஸ்பார்ட்டப் படைப்பிரிவு ஒன்றை எதிர்கொண்டான். ஸ்பார்ட்டர் துரத்தினால் இவர்கள் ஓடினார்கள். ஸ்பார்ட்டர் திரும்பினால் இவர்கள் மீண்டும் வந்து எறிந்தார்கள். கனத்த கவசத்தோடு ஓடிப் பிடிக்க முடியாத ஸ்பார்ட்டர்களில் ஏறத்தாழ 250 பேர் மாண்டனர் என்று செனஃபோன் எழுதியிருக்கிறார். வெறுங்கைச் சிக்கலுக்குப் பெல்டாஸ்டுகள் கண்ட விடை இரண்டு: ஒன்றுக்கு மேற்பட்ட ஈட்டிகளைச் சுமப்பது, கை காலியானால் வெட்கப்படாமல் ஓடுவது.

ரோமானியர் விடையை ஈட்டியின் உடலிலேயே வைத்தார்கள். பிலும் எனப்பட்ட அவர்களது எறியீட்டி ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ளது; மரத்தண்டுக்கு மேல் நீண்டு மெலிந்த இரும்புக் கம்பி, அதன் நுனியில் கூம்பு போன்ற சிறுமுனை. கேடயத்தைத் துளைத்த முனை உண்டாக்கிய ஓட்டை வழியே மெல்லிய கம்பி தடையின்றி நுழைந்து பின்னால் நிற்பவனின் உடலைத் தொட முடிந்தது. கி.மு. 58இல் ஹெல்வெத்தியருடன் நடந்த போரில் ஒரே எறியீட்டி எதிரிகளின் ஒன்றன்மேல் ஒன்று படிந்த கேடயங்களைச் சேர்த்துத் தைத்துவிட்டதையும், இரும்பு வளைந்துகொண்டதால் பிடுங்கவும் முடியாமல் இடக்கையால் தாங்கவும் முடியாமல் பலர் கேடயத்தையே உதறிவிட்டு வெற்றுடலாய்ப் போரிட்டதையும் சீசர் பதிவு செய்திருக்கிறார். கம்பியைத் தண்டோடு பிணைத்த இரண்டு ஆணிகளில் ஒன்றை எடுத்துவிட்டு, எளிதில் முறியும் மரமுளையைத் தளபதி மாரியஸ் பொருத்தச் செய்தார் என்றும், ஈட்டி இலக்கில் பட்டதும் முளை முறிந்து தண்டு தொங்கிவிடும் என்றும் புளூட்டார்க் கூறுகிறார். எதிரி திருப்பி எறியக் கூடாது என்பதற்காகவே பிலும் வளையும்படி வடிக்கப்பட்டது என்று பாடநூல்கள் உறுதியாகச் சொல்வது மிகை. இக்காலச் சோதனைகளில் நகல்கள் எல்லாமே வளைந்துவிடவில்லை, துளைக்கும் ஆற்றலே அந்த மெலிந்த கம்பியின் முதல் நோக்கமாகத் தெரிகிறது. ஆயினும் எறிந்ததைப் பகைவனுக்குப் பயனற்றதாக்க வேண்டும் என்ற எண்ணம் ரோமானியரிடம் இருந்ததை மாரியஸ் பற்றிய செய்தி காட்டுகிறது. எறிந்தபின் அவர்கள் கையில் குட்டைவாள் இருந்தது. பிலும் போரின் முதல் சொல் மட்டுமே. கி.மு. 48இல் ஃபார்சாலஸ் களத்தில் பாம்பேயின் குதிரைப்படையை எதிர்நோக்கி நிறுத்தியிருந்த தன் ஒதுக்குப் படையினரிடம், பிலுமை எறியாமல் பிடித்தபடியே முகத்தை நோக்கிக் குத்தும்படி சீசர் சொல்லிவைத்தார் என்பது இதன் மறுபக்கம்.

இந்தியச் சான்றுகளில் அர்த்தசாத்திரம் சக்தி, பிராசம், குந்தம், பிண்டிபாலம், சூலம், தோமரம் எனக் கூர்முனைப் படைகளின் நீண்ட பட்டியலைத் தருகிறது. இவற்றுள் எவை எறியப்பட்டன என்பதில் உரையாசிரியர்கள் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதிய அர்ரியன், இந்தியக் குதிரைவீரர்கள் ஆளுக்கு இரண்டு எறியீட்டிகளையும் சிறு கேடயத்தையும் வைத்திருந்தார்கள் என்று குறிப்பிடுகிறார்.

தமிழில் வேலைப் பற்றிய சான்றுகள் இலக்கியத்தில்தான் செழிப்பாக உள்ளன. ஆதிச்சநல்லூர் தாழிகளிலிருந்து அலெக்சாண்டர் ரீ எடுத்த இரும்புப் படைக்கலங்களில் ஈட்டிமுனைகளும் உண்டு. ஆனால் அவை எவ்வாறு ஆளப்பட்டன என்பதைச் சொல்வது புறத்திணைப் பாடல்களே. அங்கே வேல் வடிப்பது கொல்லனின் கடமை. அதைக் கொடுத்து மகனைக் களத்துக்கு அனுப்புவது தாயின் மறம். மயிற்பீலி சூட்டி நெய் பூசி அழகாக அடுக்கப்பட்ட தொண்டைமானின் வேல்களையும், குத்திக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கும் அதியமானின் வேல்களையும் ஒப்பிட்டு அவ்வையார் பாடியதாக உள்ள புறப்பாட்டு, புகழ்வதுபோல் இகழும் தூதுக்கலைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது. எறிதலின் உளவியலைத் திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரம் மூன்று இடங்களில் தொடுகிறது. காட்டு முயலை வீழ்த்திய அம்பை ஏந்துவதைவிட யானையைக் குறிவைத்துத் தவறிய வேலை ஏந்துவது இனிது என்பது ஒன்று. பகைவன் வேலை எறியும்போது கண்ணிமைத்தால் அதுவே தோல்வியன்றோ என்பது மற்றொன்று. மூன்றாவதுதான் இக்கட்டுரையின் பொருளுக்கு நேரே வருவது. கையிலிருந்த ஒரே வேலை யானைமேல் எறிந்துவிட்டவன், அடுத்த வேலுக்காகத் தேடுகிறான்; தன் மார்பில் பாய்ந்திருக்கும் பகைவனின் வேல் கைக்குக் கிடைத்ததும் அதைப் பறித்துக்கொண்டு சிரிக்கிறான். ஹெக்டருக்கு ஈட்டி தர ஆளில்லை. குறளின் வீரனுக்கோ எதிரியே தந்துவிட்டான். இரண்டிலும் சிக்கல் ஒன்றுதான். ஒரு கவிஞன் அதைத் துயரமாகப் பாடினான், மற்றவன் ஏழு சீரில் செருக்காக மாற்றினான்.

வேல் எறியும் பயிற்சி தமிழகத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை உயிரோடிருந்ததற்கு எதிர்பாராத ஒருவரின் சாட்சியம் உள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியிட்ட தம் படைத்துறை நினைவுகளில், தாம் இளம் அதிகாரியாக மதுரைப் பகுதியில் இருந்த 1795 காலத்தில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கையின் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். வளரி என்பது பிறைபோல் வளைந்த எறிதடி. 1801இல் மருது சகோதரர்களுக்கு எதிராக நடந்த போரில் வெல்ஷ் கம்பெனியின் பக்கம் நின்றார். பெரிய மருதுவும் சின்ன மருதுவும் அந்த அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். தம் ஆசானுக்கு நேர்ந்த முடிவைக் குறித்து வெல்ஷ் வருந்தி எழுதிய பக்கங்கள், வெற்றி பெற்றவர்கள் எழுதிய வரலாற்றில் அரிதாகவே காணக்கிடைக்கும் வகையைச் சேர்ந்தவை.

எறிந்த ஈட்டி பொதுச்சொத்தாகிவிடுகிறது என்பதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் ஹவாய்த் தீவினர். 1793இல் அங்கு சென்ற ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவர் ஒரு போர் ஒத்திகையைப் பார்த்தார். மன்னர் கமேஹமேஹா மீது ஒரே சமயத்தில் 6 ஈட்டிகள் எறியப்பட்டன. பறந்து வந்தவற்றில் மூன்றை ஒரு கையால் பிடித்தார், இரண்டை மறுகையிலிருந்த ஈட்டியால் தட்டி முறித்தார், ஆறாவதை உடலைச் சற்றே சாய்த்துத் தப்பவிட்டார். இத்தகைய களத்தில் எறிவது எதிரிக்கு ஆயுதம் வழங்குவதற்கு ஒப்பாகவும் முடியும்.

ஈட்டி எறிதல் எப்போதும் கொல்வதற்காக மட்டும் நிகழ்ந்ததன்று. 1790 செப்டம்பர் 7 அன்று சிட்னிக்கு அருகிலுள்ள மேன்லி கரையில் பிரித்தானியக் குடியேற்றத்தின் ஆளுநர் ஆர்தர் ஃபிலிப் பழங்குடியினரைச் சந்திக்கச் சென்றபோது, வில்லெமெரிங் என்பவர் எறிகோலால் வீசிய முள்முனை ஈட்டி ஆளுநரின் தோளருகே பாய்ந்து முதுகுப்பக்கம் வெளிப்பட்டது. நீண்ட தண்டு தரையில் இடித்து அவரை ஓடவிடாமல் தடுத்தது. உடன் சென்ற அதிகாரி அதை முறித்த பிறகே படகை அடைய முடிந்தது. ஃபிலிப் பிழைத்தார், பழிவாங்கக் கூடாது என்றும் ஆணையிட்டார். குற்றம் செய்தவன் ஈட்டிகளுக்கு எதிரே நின்று அவற்றை ஏற்றோ தப்பியோ கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் பழங்குடி நீதிமுறையின்படியே இது நடந்தது என்று வரலாற்றாசிரியர் சிலர், குறிப்பாக இங்கா கிளெண்டினன், விளக்குகிறார்கள். பெனலாங் என்ற பழங்குடித் தலைவரைக் கடத்திச் சென்று அடைத்துவைத்திருந்த குற்றம் ஆளுநர்மேல் இருந்தது என்பதை நினைத்தால் இவ்விளக்கம் ஏற்கத்தக்கதே.

ரோமில் ஃபெடியாலெஸ் என்னும் குருமார் பகைநாட்டு எல்லைக்குள் ஈட்டியொன்றை எறிந்து போரை அறிவிப்பார்கள். கடல் கடந்த பிர்ரஸ் மன்னனோடு போர் மூண்டபோது எல்லைக்குச் செல்வது இயலாததால், பிடிபட்ட பகைவீரன் ஒருவனைக் கொண்டு ரோமிலேயே சிறு நிலத்தை வாங்கச் செய்து, அதைப் பகைநாடாகக் கொண்டு அதற்குள் ஈட்டியை எறிந்தார்கள். கி.மு. 32இல் கிளியோபாத்ராவுக்கு எதிராக ஆக்டேவியன் இதே சடங்கைச் செய்தார். போர் உண்மையில் சக ரோமானியனான ஆன்டனிக்கு எதிரானது என்பதை மறைக்கப் பழஞ்சடங்கு வசதியாக இருந்தது. வடஐரோப்பியக் கதைகளில் போர் தொடங்குமுன் எதிர்ப்படையின் தலைக்குமேலாக ஈட்டியை எறிவது, அப்படை முழுவதையும் ஓடின் தெய்வத்துக்கு நேர்ந்துவிடுவதாகும். தமிழில் பாண்டியன் ஒருவன் கடல்மேல் வேல் எறிந்தான் என்ற செய்தி இவ்வகையைச் சேர்ந்தது. சிலப்பதிகாரத்தில் அந்த எறிதலைப் பொறாத கடல் பஃறுளி ஆற்றையும் குமரிமலையையும் கொண்டுவிடுகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உக்கிரகுமார பாண்டியன் விட்ட வேலால் பொங்கிவந்த கடல் சுவறிப் பின்வாங்குகிறது. பழைய காப்பியத்தில் இழப்பைத் தந்த எறிதல் பிற்காலப் புராணத்தில் காப்பாக மாறியிருப்பது கதைகள் காலப்போக்கில் அரசனுக்குச் சாதகமாகச் சாய்வதற்கு நல்ல சான்று.

கதைசொல்லிகள் வெறுங்கைச் சிக்கலைப் பலவாறு தீர்த்தார்கள். கந்தபுராணத்தில் மாமரமாய் நின்ற சூரனைப் பிளந்த வேல், வானகங்கையில் படிந்து முருகன் கைக்கே திரும்புகிறது. அயர்லாந்துக் கதையில் கூ ஹுலின் என்ற வீரன் காலால் எறியும் காய் போல்கா என்னும் ஈட்டி உடலுக்குள் நுழைந்ததும் முட்களாக விரிகிறது. சதையை அறுக்காமல் அதை எடுக்க முடியாது என்பதால் எதிரி திருப்பி எறியும் பேச்சுக்கே இடமில்லை. மகாபாரதம் மற்றவற்றைவிட ஒரு படி மேலே சென்று, திரும்பாத எறிபடையையே கதையின் அச்சாக்குகிறது. கவசகுண்டலங்களுக்கு ஈடாக இந்திரன் கர்ணனுக்குத் தந்த சக்தி ஒருவனை மட்டுமே கொல்லும். பின்னர் இந்திரனிடமே சென்றுவிடும். அர்ச்சுனனுக்கென்று கர்ணன் காத்துவைத்திருந்த அதை, 14ஆம் நாள் இரவுப்போரில் கடோத்கசன்மேல் எறிய நேர்கிறது. பாண்டவர்கள் அழுகையில் கண்ணன் மட்டும் மகிழ்ச்சியில் ஆடுகிறான். கர்ணனின் கை காலியாகிவிட்டது என்ற கணக்கு அவனுக்கு மட்டுமே உடனே புரிகிறது. விவிலியத்தில் பொறாமையால் வெந்த சவுல் அரசன் யாழ் மீட்டிக்கொண்டிருந்த தாவீதின்மேல் ஈட்டி எறிகிறான். அது சுவரில் பாய்கிறது. பின்னொரு நாள் உறங்கும் சவுலின் தலைமாட்டில் ஊன்றியிருந்த ஈட்டியைத் தாவீது எடுத்துச் சென்று, குத்தாமல், எறியாமல், ஆளனுப்பிப் பெற்றுக்கொள்ளச் சொல்கிறான்.

எறிவதைக் கைவிட்டதே பெருவெற்றிக்கு வழி என்ற கதையும் உண்டு. 1816 முதல் 1828 வரை ஆண்ட ஜூலு மன்னர் ஷாகா, எறியீட்டியை எறிந்துவிட்டு நிராயுதபாணியாக நிற்பதை மூடத்தனம் எனக் கருதி, குட்டைப்பிடியும் அகன்ற இலையும் உடைய குத்தீட்டியை உருவாக்கிப் படையையே மாற்றியமைத்தார் என்பது உலகறிந்த வரலாறாகிவிட்டது. 1955இல் இ. ஏ. ரிட்டர் எழுதிய நூலும், 1986இல் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரும் இதற்கு நிலைத்த வடிவம் தந்தன. டான் வைலி போன்ற வரலாற்றாசிரியர்கள் மூலச்சான்றுகளைத் துருவிப் பார்த்து, இதில் பெரும்பகுதி ஐரோப்பிய வணிகர்களின் வாய்வழிக் கதைகளும் பிற்காலக் கற்பனையும் கலந்தது என்று காட்டியிருக்கிறார்கள். 1879 ஜனவரி 22 அன்று இசாண்ட்ல்வானாவில் பிரித்தானியப் படையை அழித்த ஜூலு வீரர்கள் குத்தீட்டியோடு எறியீட்டிகளையும் சுமந்தே வந்தார்கள். நெருங்கியதும் முதலில் எறிந்தார்கள். ஒரே மனிதரின் ஒரே கண்டுபிடிப்பால் ஒரு பேரரசு எழுந்தது என்பது கேட்க இனிதாக இருப்பதால் பிழைத்திருக்கும் கதை.

திரைப்படம் இதற்கு நேரெதிர்த் திசையில் செல்கிறது. அங்கே குத்தீட்டிகளும் எறியப்படுகின்றன. ஒற்றை எறிதல் கேமராவுக்கு அளிக்கும் விருந்தைக் குத்து அளிக்க முடியாது. ஃபிராங்க் மில்லரின் படக்கதையை அடியொற்றி 2006இல் எடுக்கப்பட்ட ‘300’ படத்தில், ஸ்பார்ட்டா மன்னன் லியோனிதஸ் எறிந்த ஈட்டி பாரசீகப் பேரரசர் செர்க்சஸின் கன்னத்தைக் கீறிச் செல்கிறது. ஹெரோதோத்தஸ் எழுதிய வரலாற்றில் அப்படி எதுவும் இல்லை. அங்கே போரின் கடைசி நாளில் ஸ்பார்ட்டரின் ஈட்டிகள் பெரும்பாலும் முறிந்துவிடுகின்றன. வாளாலும், வாள் போனபின் கையாலும் பல்லாலும் அவர்கள் போராடுகிறார்கள்.

துப்பாக்கிக்குப் பின் எறியீட்டி உயிர்வாழ்வது முதன்மையாக விளையாட்டு அரங்கில்தான். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான ஈட்டி எறிதல் 1908இலும் பெண்களுக்கானது 1932இலும் சேர்க்கப்பட்டன. வட்டெறி வீரரைப் போலச் சுழன்று எறியும் ஒரு முறை 1956இல் ஸ்பெயினிலிருந்து கிளம்பியது. ஈட்டி எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாததால் உடனே தடை செய்யப்பட்டது. 1984 ஜூலை 20 அன்று கிழக்கு பெர்லினில் ஊவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தபோது, அரங்கின் நீளமே போதாமல் போகும் அச்சம் எழுந்தது. அக்கால ஈட்டிகள் முனை ஊன்றாமல் தட்டையாகத் தரையிறங்கி நடுவர்களிடையே தகராறை உண்டாக்கியதும் இன்னொரு காரணம். 1986இல் ஆண்களுக்கான ஈட்டியின் எடைமையம் 4 சென்டிமீட்டர் முன்னுக்குத் தள்ளப்பட்டது. முனை விரைவில் கவிழ்ந்து, எறிதூரம் சட்டெனக் குறைந்தது. தோல்வாரும் எறிகோலும் ஈட்டியைத் தொலைவுக்கு அனுப்பவே பிறந்தவை என்றால், அதை அருகில் விழவைக்கச் செய்யப்பட்ட முதல் திட்டமிட்ட முயற்சி இதுவாகவே இருக்கக்கூடும். உற்பத்தியாளர்கள் சும்மா இருக்கவில்லை. வாற்பகுதியைச் சொரசொரப்பாக்கி இழந்த தூரத்தை மீட்டார்கள். 1991இல் அதுவும் தடை செய்யப்பட்டு, அத்தகைய ஈட்டிகளால் எட்டிய சாதனைகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. இன்று நிலைத்திருக்கும் ஆண்களுக்கான உலகச் சாதனை, செக் நாட்டின் யான் ஜெலஸ்னி 1996 மே 25 அன்று ஜெர்மனியின் யேனாவில் எறிந்த 98.48 மீட்டர்.